மூன்றாம் நாள்

கே.கே. நகரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், காலை வெயில் ஹஃபீஸாவின் முழங்கை மடிப்பில் விழுந்து கிடக்கிறது. அங்கேதான் நரம்பு தெரிய வேண்டும். ரத்தம் எடுக்கிற தமிழ்ச்செல்வி இரண்டு கைகளிலும் ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஹார்மோன் சோதனைக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள்தான் சரி என்று டாக்டர் சீட்டில் வட்டமே போட்டிருக்கிறார். நான்கு மாதம் போக்குக் காட்டிவிட்டு வந்த மாதவிலக்குக்கு இன்றுதான் மூன்றாம் நாள். இதை விட்டால் இனி எப்போது வருமோ. “கடைசியா எப்பக்கா தண்ணி குடிச்சீங்க?” தமிழ்ச்செல்வி கேட்கிறாள். “நேத்து ராத்திரி எட்டு மணிக்கும்மா. வெறும் வயித்தோட வரச் சொன்னீகள்ல, நோன்பு மாதிரித்தானே? எச்சியக்கூட வழியெல்லாம் துப்பிக்கிட்டுத்தான் வாரேன்.”

தமிழ்ச்செல்வி பட்டையை அவிழ்த்துவிட்டுச் சிரிக்கிறாள். “அய்யோ அக்கா! சாப்பாடுதான் கூடாது. தண்ணி எம்புட்டு வேணும்னாலும் குடிக்கலாம். குடிச்சாத்தான் நரம்பே எந்திரிக்கும்.” எவர்சில்வர் டம்ளர் கைக்கு வந்ததும் ஹஃபீஸா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, துப்பட்டாவை இழுத்து மறைத்துக்கொண்டு குடிக்கிறாள். ரமலானில் மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் அடுப்படி மூலையில் நின்று குடித்துப் பழகியவள். “இங்க யாரு பாக்கப் போறா? இந்தப் பக்கம் திரும்பி நல்லாக் குடிங்கக்கா.” இரண்டாவது டம்ளரைத் தெருவைப் பார்த்தபடி, தொண்டை ஏறி இறங்கக் குடிக்கிறாள். கால்மணி நேரத்தில் முழங்கை மடிப்பில் பச்சையாக நரம்பு எழுந்து நிற்கிறது. ஊசி இறங்கி, குழாயில் ரத்தம் ஏறுகிறது. ஹஃபீஸா அதைப் பார்க்கவேயில்லை. மறுகையால் காலி டம்ளரை மூன்றாவது தடவை நிரப்பச் சொல்லி நீட்டுகிறாள்.