இரும்பு விலைக்கு

காலை பத்து இருபதுக்கு மகன் மூன்றாவது முறையாகச் சொன்னான். “அதை அவங்களே எடுத்துக்கட்டும்மா. கையெழுத்துப் போட்டுட்டு வா, போகலாம்.”

அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் சர்வேயரிடம் சொன்னாள். “எனக்கு வண்டி வேணும்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

சர்வேயர் அகலமான மனிதர். மகனைப் பார்த்துவிட்டுக் காகிதங்களைப் புரட்டினார். முப்பத்துநாலு நாளாக அவள் மகனிடம் பேசுவது இப்படித்தான், யாராவது ஒருவர் வழியாக. வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது சுவரிடம் சொல்வாள்.

தகரக் கூரை போட்ட அறை. மகன் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்திருந்தான். முழங்கால் மேசைக்கடியில் நுழையாததால் நின்றுகொண்டிருந்தான்.

ஜன்னலுக்கு வெளியே நொறுங்கிய வண்டிகளின் வரிசை. கடைசியில் அவர்களுடைய நீலக் கார். அதற்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

“ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுதும்மா. முழு நஷ்டம்னு எழுதியாச்சு. பணம் உங்களுக்கு, வண்டி எங்களுக்கு. இரும்பு வியாபாரி விலைகூடச் சொல்லிட்டார்.”

“அந்த விலையை என் பணத்துல கழிச்சுக்கிட்டு வண்டியை என்கிட்டயே விடலாம்னு உங்க பாலிசியிலயே இருக்கு. ஏழாவது பக்கம், அடியில, பொடி எழுத்துல.”

சர்வேயர் சிரித்தார். “இத்தனை வருஷத்துல அதைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. மண்டைதான் போச்சு.”

நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டாள். விபத்து நடந்த நாள் அவள் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மகன் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். அப்பா முன்னால், நீ பின்னால், நான்தாம்மா ஓட்டினேன். போலீசிலும் அதையே எழுதிக் கொடுத்திருந்தான்.

“ரோட்டுல விட முடியாது. பதிவை ரத்து பண்ணிடணும். இழுத்துட்டுப் போற செலவும் உங்களோடது.”

“சரி.”

“வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?”

“வாசல்ல நிக்கட்டும். அவர் எனக்குன்னு வாங்கினது. ஓட்டவும் அவரே சொல்லிக் குடுத்தார். கியரைப் புடுங்காதே, பூப்பறிக்கிற மாதிரி மாத்துன்னு தினம் திட்டு.” கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “திட்ட ஆளில்லாட்டியும் வண்டியாவது இருக்கட்டும்.”

மகன் குறுக்கே வந்தான். “சார், அதை இன்னைக்கே நொறுக்கிடுங்க. பணத்தைக் குறைச்சுக் குடுத்தாலும் பரவாயில்ல.”

சர்வேயர் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன தம்பி, இவ்வளவு அவசரம்? இரும்பு வியாபாரிகிட்ட தனியா ஏதும் பேசி வெச்சிருக்கியா?”

“நல்லாக் கேளுங்க,” என்றாள் அம்மா. “அப்பனை முழுங்கினது பத்தலை. அவர் வண்டியையும் முழுங்கணும் அவனுக்கு.”

மகனின் காதுமடல் சிவந்தது.

சர்வேயருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினார். “உங்க வண்டி என்னைப் படுத்தின பாடு இருக்கே! எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பார்க்க உள்ள ஏறினேன். அடிபட்டதுல சீட்டு நின்ன இடத்துலயே இறுகிப் போச்சு, பின்னால தள்ளவே முடியலை. என் தொப்பை ஸ்டீயரிங்குல மாட்டிக்கிச்சு. ரெண்டு பேர் வந்து உருவி எடுத்தாங்க.”

அம்மா சிரித்துவிட்டாள். முப்பத்துநாலு நாளில் முதல் சிரிப்பு. மகன் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்காகவோ என்னவோ, சர்வேயர் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “வியாபாரிகிட்ட நான் பேசிக்கிறேன். வண்டியை நீங்களே எடுத்துக்குங்கம்மா.”

“சார், வேணாம் சார்.”

அவள் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தாள். மகன் பின்னாலேயே ஓடினான்.

“அம்மா, கிட்டப் போகாதே. உள்ள கண்ணாடித் துண்டா கிடக்கு. ஏறாதேம்மா, சொன்னாக் கேளு.”

“என் வண்டியில ஏற எனக்கு யார் உத்தரவும் வேணாம்னு சொல்லுங்க,” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த சர்வேயரிடம்.

கணவர் உட்கார்ந்திருந்த பக்கம் ஏற வழியில்லை. சுற்றி வந்தாள். டிரைவர் பக்கக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். சீட்டில் கிடந்த துண்டுகளைக் கைப்பையால் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் இடையில் அவள் உடம்புக்கு மட்டும்தான் இடம் இருந்தது. கால் தானாகப் போய் பிரேக்கைத் தொட்டது. நிமிர்ந்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடி, விரிசல் விட்டிருந்தாலும், அவள் கண்ணுக்கு நேராகவே திரும்பியிருந்தது. வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்த மகன் அதில் தெரிந்தான்.

சர்வேயர் அவளைப் பார்த்தார். பிறகு மகனின் நீளமான கால்களைப் பார்த்தார். அவர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு போயிற்று.

அவள் வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லச் சொல்லாமல், கண்ணாடியில் அவனையே பார்த்துக் கேட்டாள்.

“ஏன்டா, இந்த சீட்டுல நீ எப்படிடா உட்கார்ந்தே?”