வெள்ளிக்கிழமைப் புகார்

"இந்த வருஷம் அசோக்குமார் ரேடியோ கடைக்குப் புவனேஸ்வரியை அனுப்புங்க" என்றார் தலைமையாசிரியை.

அமலராணிக்குத் திக்கென்றது. பிளஸ் டூ தொழிற்கல்விப் பிள்ளைகளைக் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மாதப் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவது அவள் பொறுப்பு. புவனேஸ்வரி வகுப்பில் முதல் மாணவி.

"அவ்வளவு சின்னக் கடைக்கு அவ எதுக்கு மேடம்?"

"வருஷா வருஷம் உங்க பிள்ளைக்கு வேலை தெரியலைன்னு அந்தாளு குறை சொல்றாரு. நீங்களும் வாராவாரம் வெயில்ல அலையுறீங்க. இந்த வெள்ளிக்கிழமை ஒரு நடை போய்ப் பாருங்க. குறை ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் போக வேண்டாம்."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த அம்மாள் சொன்னார். அமலராணிக்கு அழுகை வந்தது.

அந்தக் குறைதானே அவளுக்கு இருந்த ஒரே வழி. கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தி காரணமில்லாமல் ஒரு கடை வாசலில் நின்றால் திண்டுக்கல் சும்மா இருக்குமா? பள்ளிக்கூட வேலை என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்காகவே மூன்று வருஷமாக, வகுப்பில் கடைசிப் பிள்ளையாகப் பார்த்து அங்கே அனுப்பிவந்தாள். அசோக்குமார் குறை சொல்வான். இவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். டீ வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் பேசியதில்லை.

அந்தச் சில வெள்ளிக்கிழமைகளை நினைத்துக்கொண்டுதான் மிச்ச வருஷத்தைத் தள்ளினாள். அவள் மாதா கோவிலுக்குப் போகிறவள். அவன் கடையில் பழநி முருகன் படம். இந்த ஆசை வேண்டாம் என்று மனசு எத்தனை தடவை சொன்னாலும் கால் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கடைசித் தடவை அல்லவா.

பிரித்துப் போட்ட ரேடியோக்களுக்கு நடுவில் அசோக்குமார் உட்கார்ந்திருந்தான். ஓரத்தில் புவனேஸ்வரி தலையைக் குனிந்து நின்றாள்.

"வாங்க டீச்சர்." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"பிள்ளை நல்லா வேலை பாக்குதா?"

"எங்க பாக்குது? ஈயம் வச்சுப் பத்த வச்ச வயரு ஒண்ணுகூட நிக்கல." ஒரு மர்பி ரேடியோவைத் திருப்பிக் காட்டினான். உள்ளே வயர்கள் விட்டுப்போய்த் தொங்கின. "இம்புட்டு மோசமா எந்தப் பிள்ளையும் வந்ததில்ல. நீங்க வாராவாரம் வந்து பாத்தாத்தான் சரிப்படும்."

அமலராணியால் நம்ப முடியவில்லை. சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்கக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"வந்துதான் ஆகணும்னா வாரேன். வேற என்ன செய்ய?"

"செத்த நேரம் உக்காருங்க, டீ சொல்லிட்டு வாரேன்" என்று அவன் தெருவில் இறங்கினான்.

புவனேஸ்வரியின் கண் கலங்கியிருந்தது. அமலராணி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கிளாஸ்ல அம்புட்டு நல்லாச் செய்வியே புள்ள. இங்க என்ன ஆச்சு?"

"நான் நல்லாத்தான் பத்த வச்சேன் டீச்சர். நீங்க தெருமுனையில வர்றதப் பாத்ததும் அண்ணன்தான் அவசர அவசரமாப் பிச்சு விட்டாரு. போன வருஷம் இங்க வந்த ராமுத்தாயக்காவும் இதையேதான் சொன்னுச்சு."