பெல்ட் லாக்

கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி. எந்த லாக் பைல், யாருக்கு என்று அடித்து எண்டரைத் தட்டினாள் வெற்றிச்செல்வி. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைக்கும்போதே, மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டார். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்!

அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலை அது. சர்வர், மெயில், எந்திரங்களில் நடப்பதைத் தானாகவே பதிந்து வைக்கும் லாக் பைல்கள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் புருஷன் அரியமுத்துவின் வலது கையைக் கல் ஏற்றும் பெல்ட் இழுத்துக்கொண்டதும் இங்கேதான். "குடித்துவிட்டு வந்தான்" என்று எழுதி, அவன் வேலையையும் பறித்தார் மேனேஜர் நடராசன். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனுஷனுக்கு அந்தப் பெயர்! இவரை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

நடராசனின் மேசைமேல் ஒரு பிரிண்ட் கிடந்தது.

"என்னம்மா இது? பெல்ட்டு லாகை நேத்து மெட்ராசுக்கு அனுப்பிருக்க?"

"ஆமாங்க சார். அன்னைக்கு அலாரத்த நிறுத்தி வச்சது நீங்கதான்னு அதுல இருக்கு. ஹெட் ஆபீஸ் சேப்டி ஆபீசர் பாக்கட்டும்னு அனுப்புனேன்."

நடராசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் யாரு தெரியுமா? எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன். வந்த ஒடனே எனக்குத் தள்ளிவுட்டுட்டான். 'மாமா, மொதல்ல இத அழிச்சிடுங்க'ன்னு."

"உங்க ஆபீஸ் மெயிலுக்குங்களா சார்?"

"பின்ன, வூட்டுக்கு வந்து கையில குடுப்பானா? சர்வர்ல இருந்த பைலையும் காலையிலயே ஒனக்குக் கீழ இருக்குற பையன வுட்டு அழிச்சிட்டேன்."

பிரிண்டை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அப்படி ஒரு திருப்தி அவர் முகத்தில்.

"புருஷனும் பொண்டாட்டியும் வக்கீல் வூட்டுக்கு நடையா நடக்குறீங்களாமே! இனிமே எதக் காட்டுவ? கெளம்பு. நாளையிலேருந்து வேலைக்கு வராத."

அழுது காலில் விழுவாள் என்று காத்திருந்தார். அவளோ அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் முழுசாக இருந்தன.

"பெல்ட்டு லாகு போன மாசமே வக்கீலம்மாகிட்ட போயிடுச்சுங்க சார்."

நடராசனின் சிரிப்பு நின்றது. "அப்பறம் எதுக்கு மெட்ராசுக்கு அனுப்புன?"

"அத மட்டும் காட்டுனா 'அலாரத்தத் தெரியாம நிறுத்திட்டோம்'பாங்க, வேணும்னே மறைச்சாங்கன்னும் காட்டணும்னு வக்கீலம்மா சொன்னாங்க. அந்த ஆபீசர் உங்க மச்சான்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

"அவன் எனக்கு அனுப்புனதுக்கு என்னடி ஆதாரம்?"

வெற்றிச்செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யாரு யாருக்கு அனுப்புனாங்கன்னு மெயிலுக்கும் லாக் இருக்குங்க சார். அத வக்கீலம்மாவுக்கு அனுப்பிட்டுத்தான் உள்ள வந்தேன்."