இருக்கையின் தூரம்

முதல் பனி விழுவதற்குள் காரை மூடிவைத்துவிடுவது பரராசசிங்கத்தின் வழக்கம். பெற்றோல் நிரப்பினார். சில்லுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்தார். எலி புகாமல் புகைக்குழாய்க்குள் பழைய சாரத்துண்டொன்றைத் திணித்தார். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். முன்கண்ணாடியின் கீழே இருந்த பிள்ளையாரையும் வழக்கம்போலக் குளிரில் விட மனமில்லாமல் சாமித்தட்டுக்குக் கொண்டுபோனார். “இஞ்சேருங்கோ, வாற கிழமை டொக்டர்மார் உங்கட நெஞ்சைத் திறக்கப்போகினம். உந்தப் பாரமெல்லாம் தூக்கலாமே?” என்றாள் மனைவி தவமலர். “வேற ஆர் தூக்கிறது? நீர் உள்ள போம், குளிருது.” மத்தியானம் அவர் களைத்துப் படுத்துவிட, காருக்குப் போர்க்கும் உறையை எடுத்துக்கொண்டு அவள் கராஜுக்குப் போனாள். கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்த்தபோது ஓட்டுபவர் பக்கம் திறந்துகொண்டது. அவள் லைசன்ஸ் எடுத்து ஏழு வருடம். அவர் பக்கத்தில் இல்லாமல் ஒருநாளும் ஓட்டியதில்லை. சும்மா ஏறி உட்கார்ந்தாள். கால் நேராக பிரேக்கில் போய் நின்றது. நிமிர்ந்தால் கண்ணாடியில் பின்பக்கம் முழுவதும் தெரிந்தது. காரைக் கடைசியாக ஓட்டிவந்து நிறுத்தியவர் அவர்தான். அவருடைய நீளக் கால்கள் அந்த இடைவெளிக்குள் மடங்கவே மடங்காது. தவமலர் குனிந்து, அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, பிரேக் தன் காலுக்கு எட்டாமல் போகும்வரை இருக்கையைப் பின்னால் தள்ளினாள். கண்ணாடியையும் அவருடைய உயரத்துக்கு, தனக்குக் கூரை மட்டும் தெரியும்படி திருப்பினாள். இறங்கி, சத்தம் வராமல் கதவைச் சாத்தி, காரைப் போர்த்தினாள்.