வயிற்றிலிருக்கும் உப்பு

எல்லை தாண்டி ஈராக் பாலைவனத்துக்கு வேட்டையாட வந்திருந்த வளைகுடாச் செல்வந்தர் ரகான், கூடார விருந்தொன்றில் ஒரு கையில் ராஜாளியும் மறு கையில் ஆட்டுத்தொடையுமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் இங்கதான் ஒரு மேய்ப்பன் என் பறவைய விரட்டினான். ஒரே குண்டு! மான் மாதிரி துள்ளி விழுந்தான்.”

“அது எங்கப்பாடா!” என்று கத்தியபடி பாய்ந்தான், விருந்து கொடுத்த முத்லக்கின் தம்பி மகன். துப்பாக்கிக் கட்டை பட்டு ரகானின் பல் தெறித்தது.

“நிறுத்துடா! நம்ம உப்பு அவர் வயித்துல இருக்கு. அது இருக்கிற வரைக்கும் அவர் விருந்தாளி, கை வைக்கக் கூடாது” என்று முத்லக் அதட்டினார்.

ரகானுக்குப் போன உயிர் திரும்பியது. ரத்தம் ஒழுகும் வாயில் சோற்றை அள்ளி அள்ளித் திணித்துக்கொண்டார்.

“கூச்சப்படாம சாப்பிடுங்க ஷேக். டேய், இன்னும் ஆட்டு வால்கொழுப்பு வை, நெய் ஊத்து” என்று முத்லக் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியே விட்டார். தம்பியைக் கொன்றவனுக்கு இவ்வளவு உபசாரமா என்று ரகானுக்குக் கண் கலங்கியது.

கடைசியில் வயிறு புரட்ட, வெளியே ஓடி மணலில் குடம் குடமாக வாந்தியெடுத்தார்.

முத்லக் பின்னாலேயே வந்து வாய் கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

“எல்லாம் வெளிய வந்துடுச்சா ஷேக்?”

“வந்துடுச்சு” என்று முனகினார் ரகான்.

முத்லக் தம்பி மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப சுடுடா.”