மேனேஜருக்கு இருமல்

"டாக்டரம்மா, மறைக்காம சொல்லுங்க. பிழைச்சுக்குமா?"

பெரியவர் கூண்டை மேசைமேல் வைத்தும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. முப்பது வருடம் மாவு மில்லில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை அது. கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி அலட்சியமாக உட்கார்ந்திருந்தது. காலையில் அவரை எழுப்புவதும், சாப்பிடவில்லையா என்று அதட்டுவதும் அதுதான் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"என்ன பண்ணுது?" என்றார் கால்நடை மருத்துவர்.

"ஒரு மாசமா இருமுதும்மா. விடியறப்போ ரொம்ப ஜாஸ்தி." கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். "ஜன்னலை அடைச்சுப் பாத்தேன், கூண்டுக்குப் போர்வை போட்டுப் பாத்தேன். கேக்கல."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் இருமியது. லொக், லொக், கடைசியில் ஓர் இழுப்பு. பெரியவர் கூண்டுக்குள் விரலை நீட்டினார். மனைவி போய் ஆறு வருடம். மகள் மாதம் ஒருமுறை போன் செய்வாள், அதுவும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவர் வாய் திறக்க ஒரு காரணமும் இருக்காது.

மருத்துவர் கிளியின் மூக்கைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. கல்லுக்குண்டு மாதிரி இருக்கு."

"அப்போ அந்த இருமல்?"

"கிளியால நம்மள மாதிரி இரும முடியாது. சளி பிடிச்சா மூக்கு ஒழுகும், மூச்சுக்கு மூச்சு வால் ஆடும். உள்ள போன தூசியையும் கிருமியையும் இருமி வெளிய தள்றது நம்ம உடம்போட வேலை. இது யாரோ இருமுறதைக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு. வீட்ல யாருக்கு இருமல்?"

"யாருக்கும் இல்லையே. நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றவில்லை. அதைப் பெரியவரின் நெஞ்சில் வைத்தார்.

"உள்ள வந்ததுலேர்ந்து நீங்க ஒன்பது தடவை இருமிட்டீங்க ஐயா. உடனே நெஞ்சு டாக்டரைப் பாக்கணும். இவ்வளவு நாளா உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

பெரியவர் கூண்டைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதாம்மா சொல்லிட்டே இருந்துச்சு."