அம்மாவின் மஞ்சள்காமாலை

"அப்பா, கம்பெனியில வீட்டுப் பொம்பளைங்களுக்கும் சேர்த்து மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டாங்க. எனக்குக் கட்டி எதுவும் இல்லையாம்!" போச்சம்பள்ளியிலிருந்து மகள் சரிதா போனில் பேசினாள்.

"நல்லது கண்ணு. வேற என்ன கேட்டாங்க?"

"அம்மாவுக்கு இந்த நோய் இருந்துச்சான்னு நர்ஸ் கேட்டாங்க. இல்ல, மஞ்சக்காமாலைல போயிட்டாங்கன்னேன். அப்போ நாப்பது வயசுல வந்தா போதும்னு அனுப்பிட்டாங்க."

அந்த மஞ்சள்காமாலை கிருஷ்ணப்பனின் சொந்தத் தயாரிப்பு. மகளுக்கு வரன் தட்டிப்போகக் கூடாதென்று ஊருக்கே சொன்ன பொய். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்காததுதான் பாக்கி. மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

"உங்கப்பன் பெரிய பாவி கண்ணு. அம்மாவுக்கு மார்புலதான் கேன்சர். திரும்பப் போய் உண்மையச் சொல்லிடு."

சரிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியும்ப்பா. அம்மாவே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."

"அப்புறம் ஏன்டி நர்ஸ்கிட்ட பொய் சொன்ன?"

"வரிசையில எனக்குப் பின்னாடியே மாமியார் நின்னாங்க. என் பாப்பாவுக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணுமில்லப்பா?"

பாப்பா இன்னும் பால்வாடிக்கே போக ஆரம்பிக்கவில்லை.